மூன்றாம் கால்

அக்டோபரில் மவுண்ட் பார்க்கருக்குத்
தெற்குக் கடல் அனுப்பும் காற்று
கொஞ்சம் கோபம் தணிந்திருக்கும்.
பதினோரு மணி வெயில்
ருபார்ப் பாத்தியின் ஓரம்
ஒரு சாக்கு அகலத்துக்கு விழும்.
அங்கே குப்புறப் படுக்கிறேன்.

அறுபத்துமூன்று வயது,
தொண்ணூற்றெட்டுக் கிலோ.
தாடைக்கடியில் பழைய தொப்பி.
கையில், மருந்துச் சீட்டின் பொடியெழுத்துக்கென்று
நோரீன் வாங்கிவைத்த பூதக்கண்ணாடி.
முதல்நாள் வேலியோரம் போன லிண்டன்
ஆம்புலன்ஸைக் கூப்பிட இருந்தான்.

பாங்சியா உதிர்த்த இலைமேல்
அவள் இருக்கிறாள்.
மண்ணின் நிறம், சருகின் நிறம்,
யாரும் பெயர் வைக்க மெனக்கெடாத நிறம்.
நொய்யரிசி உடம்பில் எட்டுக் கண்.
இரண்டு என்னைப் பார்க்கின்றன;
மிச்சம் ஆறும்
என்னைவிட முக்கியமான எதையோ.

அவன் வருகிறான்.
மயில் சிலந்தி என்கிறார்கள்.
மயிலை எனக்குத் தெரியும்:
ஒருமுறை கேரவன் பார்க்கில்
என் தட்டிலிருந்து உருளைக்கிழங்கு வறுவலைத் திருடியது.
இவன் அப்படியில்லை, கூச்சக்காரன்.
மூன்று தடவை கிளம்பி
மூன்று தடவையும் குச்சிக்குப் பின்னால் போய்விட்டான்.

பிறகு
மூன்றாம் ஜோடிக் காலில் ஒன்றைத் தூக்கினான்.
கூட்டத்தில் தெரிந்த முகத்தைக் கண்டவன்போல
உயர்த்தி, அசைத்து, நிறுத்தி,
ஆள் மாறிவிட்டதோ என்று யோசித்து
மறுபடி அசைத்து.
முதுகின்மேல் விசிறி விரிந்தது:
சிவப்பு, நீலம்,
ஈரத் தரையில் பெட்ரோல் சிந்தினால் மட்டும்
நான் பார்த்திருக்கிற ஒரு பச்சை.
எல்லாம் நான்கு மில்லிமீட்டருக்குள்.

ஆனால் நான் வருவது விசிறிக்காக அல்ல.
அவன் வயிறு துடிக்கிறதே, அதற்காக.
இலையைத் தட்டுகிறான்.
தட்டு, தட்டு, நிறுத்தம்,
பிறகு ஒரு நீண்ட அதிர்வு.
அவளுக்குக் காது கிடையாது;
காலால் கேட்கிறாள்.

எனக்கும் கிடையாது.
முப்பத்தாறு வருஷம்
ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில்
மோட்டாருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே நின்றதில்
இடது காது முதலில் போயிற்று.
வலது, ஓய்வுபெற்ற வருஷம்,
சொல்லிக்கொள்ளாமல்.
காதுக்கருவி இழுப்பறையில்
பேட்டரி இல்லாமல் உறங்குகிறது.
அது கொடுப்பது சத்தம்; பேச்சு இல்லை.

அதனால் நோரீன் பலகையை மிதிக்கிறாள்.
வராந்தாவின் ஜாரா மரம் நல்ல தபால்காரன்.
மண்ணில் படுத்திருந்தாலும்
விலாவில் கொண்டுவந்து சேர்க்கும்.
இரண்டு மிதி என்றால் சாப்பாடு.
மூன்று என்றால் பெர்த்திலிருந்து மகள்.
குதிகாலில் முழு எடையும் இறக்கி
நீளமாய் ஒரே ஒரு மிதி:
அதற்கு இதுவரை
விளக்கம் தேவைப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை இன்னொருவன்
அரைமணி நேரம் ஆடினான்.
அவள் பின்பக்கத்தைத் தூக்கி
இடமும் வலமும் ஆட்டினாள்.
வேண்டாம் என்று அர்த்தம்.
அவன் ஆட்டத்தில் இருந்தான்.
அவள் பாய்ந்ததை நான் பார்க்கவில்லை.
விசிறியைத்தான் பார்த்தேன்,
மடங்காமல்,
அவள் வாயில்.
அன்று சீக்கிரமே எழுந்து போய்
யாரும் சொல்லாமல் பாத்திரம் கழுவினேன்.
நோரீன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இன்றைய ஆள் நெருங்கிவிட்டான்.
இருவருக்கும் நடுவே
இலையின் ஒரே ஒரு நரம்பு.
மூச்சை அடக்குகிறேன்;
நான் விட்டால் அவர்களுக்கு அது சூறாவளி.
அவள் பின்பக்கம் அசையவில்லை.
அவன் முன்காலை
மெல்ல
நீட்டுகையில்

ஒன்று.
இரண்டு.

இலைமேல் இருவரும் உறைந்தார்கள்.
மூவருமே கேட்டோம்.

எழுந்தால் அவர்கள் உலகம் ஆடும்.
எழாவிட்டால் சூப் ஆறும்,
அப்புறம் அந்த நீள மிதி.
படுத்தபடியே
வலது கையை மட்டும்
ருபார்ப் இலைகளுக்கு மேலே
உயர்த்தி,
அசைத்து,
நிறுத்தி,
பார்த்தாளா என்று காத்திருக்கிறேன்.